இணையப் பக்கத்தின் ஒத்துக்காரர்கள்

தந்தி, டிரங்கால் பற்றியெல்லாம் எழுதியபோது, "கம்ப்யூட்டர் நம்ம ஊருக்கு வந்த கதையையும் எழுதுங்க சார்" என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அது பெரிய கதை. முழுவதையும் எழுத எனக்குத் தெம்பு இல்லை. அதில் ஒரு சின்னக் கிளைக்கதையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். இணையப் பக்கத்துக்குள் பாட்டும் படமும் எப்படி வந்து உட்கார்ந்தன, அவை ஒழுங்காக ஓட யார் யார் பாடுபட்டார்கள் என்பதுதான் அது. இதில் அமெரிக்க நீதிமன்றம் வரும், 52 கோடி டாலர் வரும், நம் ஊர் பிரவுசிங் சென்டரும் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

இன்று பேரப்பிள்ளையின் போனில் ஒரு பாட்டைத் தொட்டால் உடனே பாடுகிறது. அது அப்படித்தான் பிறந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. பிரவுசர் என்று நாம் சொல்லும் உலாவிக்கு ஆரம்பத்தில் பாடத் தெரியாது. எழுத்தைக் காட்டும், படத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது வி.எஸ்.என்.எல். அது 1995 ஆகஸ்ட் 15. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் ரியல் ஆடியோ என்ற மென்பொருள் வந்தது. முழுக் கோப்பும் இறங்கும் வரை காத்திராமல், வர வரக் கேட்கலாம் என்பது அதன் சிறப்பு. அடுத்த ஆண்டு நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, 'பிளக்-இன்' என்ற ஒட்டு மென்பொருள். உலாவிக்குத் தெரியாத வேலையை வேறொருவர் எழுதிய துண்டு செய்து கொடுக்கும். இன்னொன்று ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் என்பவர் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஸ்கிரிப்ட் என்றால் சினிமா வசனம் அல்ல. இணையப் பக்கத்தோடு கூடவே வரும் சிறு நிரல். பக்கம் திறந்ததும் அது உலாவிக்குள் வேலை செய்யும். 'இதை மாற்று, அதைக் காட்டு, இதை மறை' என்று உலாவிக்குச் சொல்லும்.

ஒட்டு மென்பொருள் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. நெட்ஸ்கேப்புக்கு ஒரு மாதிரி எழுத வேண்டும், மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேறு மாதிரி எழுத வேண்டும். பக்கம் செய்கிறவர்கள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எழுதினார்கள். கேட்கிறவரிடம் அந்த ஒட்டு மென்பொருள் இல்லையென்றால், பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டிதான் தெரியும்.

நம் ஊரில் பிரவுசிங் சென்டர்கள் நன்றாக ஓடிய நாட்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். டயல்-அப் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு இணையும். அதன் உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட். அதை நாலு கணினிகள் பங்கு போட்டுக்கொள்ளும். ராகா, மியூசிக் இந்தியா ஆன்லைன் போன்ற தளங்களில் பழைய பாட்டுக் கேட்க வருகிற பெரியவர்கள் உண்டு. வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வந்தவர்கள், அப்படியே ஒரு பாட்டையும் கேட்டுவிட்டுப் போவார்கள். இரவு 9.15-க்குச் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்டுப் பழகியவர்களுக்கு, அதையே கணினியில் நினைத்த நேரத்தில் கேட்கலாம் என்பது பெரிய ஆச்சரியம். 1941-இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது தனிக்கதை.

நமக்கோ பாட்டுக்கு முன்னால் எழுத்தே தகராறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்று எழுத்துருத் தரங்களை வகுத்தார்கள். ஆனாலும் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு என்ற நிலைமை பல வருடம் தொடர்ந்தது. ஒன்றை இறக்கினால் இன்னொன்று படிக்காது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் ஏற்பாடு ஒன்றை மைக்ரோசாஃப்ட் செய்திருந்தது. அது அவர்களுடைய உலாவியில் மட்டுமே வேலை செய்தது. பயர்பாக்ஸ் உலாவி வைத்திருந்தவர்களுக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்களுக்குக் கைகொடுத்தது 'பத்மா' என்ற சிறு ஒட்டு நிரல். நாகார்ஜுன வென்னா என்பவர் எழுதியது. பக்கம் திறக்கும்போதே பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடாக மாற்றிக் காட்டிவிடும். படிக்கிறவருக்கு நடுவில் ஒரு நிரல் வேலை செய்ததே தெரியாது. பத்திரிகைக்காரரும் தன் பக்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்த மாதிரி வேலைக்கு நம்மிடம் நல்ல உவமை இருக்கிறது. ஆடித்தபசு நாட்களில் நாகஸ்வரம் கேட்டவர்களுக்கு ஒத்துக்காரரைத் தெரிந்திருக்கும். சுருதிப் பெட்டி வருவதற்கு முன் அவர் இல்லாமல் கச்சேரி கிடையாது. ராகம் வாசிக்க மாட்டார், ஒரே சுருதியை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டே இருப்பார். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. அவர் சற்று நிறுத்தினால் ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரியும், ஆனால் நாயனம் நின்றுவிடாது. 'ஒத்து ஊதுகிறான்' என்று பேச்சில் இளக்காரமாகச் சொல்கிறோமே தவிர, அது லேசான வேலை அல்ல.

இணையத்திலும் ஸ்கிரிப்ட் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று 2002 வாக்கில் சிலர் பேச ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லாங்ரிட்ஜ் அவர்களில் முக்கியமானவர். அதுவரை ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பக்கத்தின் நடுவிலேயே அதைத் திணித்து வைப்பார்கள். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் பக்கமே ஓடாது. இவர்கள் சொன்னது வேறு. ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பில் வை. பக்கம் அது இல்லாமலும் படிக்கத் தக்கதாக இருக்கட்டும். ஸ்கிரிப்ட் ஓடினால் பக்கம் இன்னும் நன்றாக இருக்க வேண்டும், ஓடாவிட்டால் ஒன்றும் கெடக் கூடாது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த சோதனைகளில் தப்பிப் பிழைத்த பக்கங்கள் பெரும்பாலும் இந்தக் கொள்கைப்படி செய்தவைதான்.

இதற்குள் பிளாஷ் என்ற ஒட்டு மென்பொருள் ராஜாவாகிவிட்டது. அசையும் படம், விளையாட்டு, பாட்டு, வீடியோ எல்லாம் அதில்தான். 2005-இல் தொடங்கிய யூடியூப்கூட முதலில் பிளாஷை நம்பித்தான் ஓடியது. பிளாஷைப் பக்கத்தில் பொருத்துவதற்கென்றே ஜெஃப் ஸ்டெர்ன்ஸ் என்பவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். முதலில் பிளாஷ் ஆப்ஜெக்ட் என்று பெயர், பிறகு எஸ்.டபிள்யூ.எஃப் ஆப்ஜெக்ட் ஆனது. பாபி வான் டெர் ஸ்லூயிஸ் என்பவர் இதே வேலைக்கு இன்னொன்று எழுதினார். பின்னர் மைக்கேல் வில்லியம்ஸும் சேர்ந்து மூன்று பேருமாக 2008-இல் ஒரே ஸ்கிரிப்டாக வெளியிட்டார்கள். இலவசம்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

அது செய்கிற வேலை இதுதான். பக்கத்தில் பாட்டுப் பெட்டி வர வேண்டிய இடத்தில், முதலில் சாதாரண எழுத்தும் சாதாரண இணைப்பும் வைத்திருக்க வேண்டும். பக்கம் திறந்ததும் ஸ்கிரிப்ட் வந்து, இந்தக் கணினியில் பிளாஷ் இருக்கிறதா, போதுமான பதிப்பா என்று பார்க்கும். இருந்தால் அந்த எழுத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் பெட்டியை வைக்கும். இல்லையென்றால் எதையும் தொடாது. எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

இனி நீதிமன்றம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய்லும் உடனிருந்த இருவரும், இணையப் பக்கத்துக்குள்ளேயே வேறு நிரலை ஓடவைக்கும் முறைக்கு 1994-இல் காப்புரிமை கேட்டிருந்தார்கள். 1998 நவம்பரில் கிடைத்தது. டாய்லின் நிறுவனமான இயோலாஸ் 1999-இல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. 2003 ஆகஸ்டில் சிகாகோ நகரில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மைக்ரோசாஃப்ட் கொடுக்க வேண்டியது சுமார் 52 கோடி டாலர்! மேல்முறையீட்டில் வழக்கு திரும்பவும் கீழே வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் ஒரு தந்திரம் செய்தது. பக்கத்துக்குள் இருக்கும் நிரல் தானாக ஓடினால்தானே காப்புரிமை மீறல்? தானாக ஓடாமல் செய்துவிட்டால்? 2006 ஏப்ரலில் உலாவிக்கு ஒரு புதுப்பிப்பு அனுப்பியது. அன்றிலிருந்து பாட்டுப் பெட்டி, வீடியோப் பெட்டி எதுவானாலும், முதலில் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டி உயிர் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் பொத்தான்கள் வேலை செய்யும்.

உலகத்தில் எங்கோ நடந்த வழக்கு நம் ஊர் வரை வந்தது இப்படித்தான். பிரவுசிங் சென்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், பாட்டுப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏலே, பொட்டி செத்துப் போச்சால?" என்று கடைப் பையனைக் கூப்பிட்டார். "சாகல தாத்தா. மொதல்ல ஒரு தட்டு சும்மா தட்டுங்க. அப்புறம் அமுக்குங்க, பாடும்" என்றான் அவன். "நேத்து வரைக்கும் ஒரு தட்டுக்குப் பாடுச்சே?" "நேத்து வரைக்கும் பாடும் தாத்தா. இன்னைக்கு அப்டேட் ஆயிட்டு." ஏன் என்று அவனுக்கும் தெரியாது. அமெரிக்காவில் இருவர் சண்டை போட, சங்கரன்கோவிலில் ஒருவர் இரண்டு தரம் தட்ட வேண்டியதாயிற்று.

இங்கேதான் நம் ஒத்துக்காரர் கைகொடுத்தார். பக்கத்திலேயே நேராக எழுதப்பட்ட பெட்டிக்குத்தான் அந்தக் கூடுதல் தட்டு. தனிக் கோப்பிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் ஒன்று அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் தட்டத் தேவையில்லை. சட்டத்தின் கணக்கில் இரண்டும் வேறு வேறு. ஸ்டெர்ன்ஸின் ஸ்கிரிப்டைப் பயன்படுத்தியிருந்த தளங்களில் பெட்டிகள் பழையபடியே ஒரே தட்டுக்குப் பாடின. ஸ்கிரிப்ட் எழுதியவர் இந்த வழக்குக்காக அதை எழுதவில்லை. பக்கத்தையும் ஸ்கிரிப்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்று ஒழுங்காகச் செய்திருந்தார், அந்த ஒழுங்கு எதிர்பாராத இடத்தில் உதவியது. மற்றத் தளக்காரர்களும் அவசர அவசரமாக அதையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

2007 ஆகஸ்டில் இரு தரப்பும் சமாதானம் ஆயின. 2008 ஏப்ரலில் அந்தக் கூடுதல் தட்டு நீங்கியது. காப்புரிமைக் கதை அதோடு முடியவில்லை. கூகுள், யாகூ, அமேசான் முதலியவர்கள் மீது தொடர்ந்த வழக்கில், வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே டெக்ஸாஸ் வந்து சாட்சி சொன்னார். டாய்லுக்கு முன்பே பெய்-யுவான் வெய் என்ற மாணவர் தன் வயோலா உலாவியில் இதைச் செய்து காட்டியிருக்கிறார் என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். 2012 பிப்ரவரியில் அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்று ஜூரிகள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு மேல்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இத்தனை வருடம் உலகம் தட்டிய தட்டெல்லாம் வீண்!

அடுத்தது பிளாஷின் மரணம். 2007-இல் வந்த ஐபோனில் பிளாஷ் கிடையாது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். உலாவிகள் தாமாகவே பாடவும் படம் காட்டவும் கற்றுக்கொண்டன. யூடியூப் 2015-இல் பிளாஷை விட்டு விலகியது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் பிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் கோப்புகள் ஓடாதபடி தடுத்தும் விட்டது.

இதில் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த இரண்டு சங்கதிகளைச் சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவரின் தகப்பனார் வில்லுப்பாட்டுக் கலைஞர். கொடை விழாக்களில் அவர் பாடியதை 1980-களில் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். நண்பரின் மகன் பெங்களூரில் கணினி வேலை பார்த்தவன். 2008-இல் அந்தக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி, தாத்தா பெயரில் ஒரு சிறு இணையதளம் செய்தான். அழகான பிளாஷ் பாட்டுப் பெட்டி. பிறகு கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. பையனின் பழைய கணினியும் பழுதாகிப் போனது. தாத்தாவும் காலமானார். 2021-இல் அவருடைய திதிக்கு முந்தின நாள், "அப்பா குரலைக் கேக்கணும் போல இருக்கு, பிளாஷ் போயிட்டுன்னு சொல்றானுவளே" என்று நண்பர் என்னிடம் வந்தார். பயந்துகொண்டேதான் திறந்தோம். பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நாலு வரி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் கதையின் பெயர், பாடிய ஊர், 'கேட்க இங்கே தொடவும்' என்று ஒரு இணைப்பு. தொட்டோம். பாடினார்.

பையனைப் போனில் கேட்டேன். "நான் ஒண்ணும் பெரிசாப் பண்ணலை மாமா. அந்த ஸ்கிரிப்டைப் போட்டா, அடியில சும்மா ஒரு லிங்க் எழுதணும்னு வழிகாட்டியில போட்டிருந்துச்சு. எழுதினேன்" என்றான். பதின்மூன்று வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த நாலு வரி. பிளாஷ் இல்லை என்று ஸ்கிரிப்ட் கண்டுகொண்டதும், அதன் பழைய விதிப்படி ஒதுங்கிக்கொண்டு அந்த வரிகளை விட்டுவிட்டது.

இரண்டாவது, ஒரு பள்ளியின் பொன்விழாவுக்காகச் செய்த தளம். பழைய ஆசிரியர்கள் பேசிய பேச்சு, மாணவர்கள் பாடிய பாட்டு, படங்கள் எல்லாம் இருந்தன. செய்து கொடுத்தவர்கள் முழுத் தளத்தையும் ஒரே பிளாஷ் கோப்பாகச் செய்துவிட்டார்கள். எழுத்துகூட அதற்குள்ளேதான். பிளாஷ் போனதும் வெள்ளைப் பக்கம் மட்டும் மிஞ்சியது. மூலக்கோப்புகளைத் தேடியபோது, செய்து கொடுத்த கடையே இல்லை. அந்த ஆசிரியர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் குரல் இனிக் கிடைக்காது.

பிளாஷ் கோப்பு பத்திரமாக இருக்கும் இடங்களில் மட்டும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 'ரஃபிள்' என்று ஒரு மென்பொருளை உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள் எழுதி வருகிறார்கள். பழைய பக்கத்தில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்தால் போதும். அது பக்கத்தில் எங்கெல்லாம் பிளாஷ் பெட்டி இருக்கிறது என்று தேடி, அந்த இடத்தில் தானே உட்கார்ந்து பல பழைய கோப்புகளை ஓட்டிக் காட்டுகிறது. இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலேயே இதைக் கொண்டு பழைய பிளாஷ் படங்களைக் காப்பாற்ற ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் அதே ஒத்துக்காரர் வேலைதான்.

இன்று சில தளங்களில் வீடியோ இருக்கும் இடத்தில் முதலில் வெறும் படம்தான் இருக்கும். தொட்டால்தான் உண்மையான பெட்டி வரும். நம் டேட்டாவை மிச்சம் பிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் செய்யும் உபகாரம் அது. 2006-இல் வழக்குக்குப் பயந்து வைத்த தட்டை, இப்போது நம் நன்மைக்காக வைக்கிறார்கள்!

கடைசியாக, நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் அப்பாவின் பாட்டோ, அம்மாவின் பேச்சோ, கல்யாணக் கச்சேரியோ ஏதாவது கணினியில் இருக்கும். பிள்ளைகள் அதை இணையத்தில் ஏற்றித் தரும்போது பெட்டியின் அழகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். "இந்தப் பெட்டி ஒருநாள் இல்லாமப் போனா அடியில என்னப்பா இருக்கும்?" என்று கேளுங்கள். கோப்புக்கு நேரான ஒரு இணைப்பும், யார் பாடியது, எங்கே, எப்போது என்று ஒரு வரியும் இருக்கட்டும். அதன் நகல் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கட்டும். கேட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து நிமிட வேலைதான்.